தலைகீழ்ப் பூக்கள்

“அந்த ஊருக்குப் போனா எந்த மாதிரி வீட்டுல இருக்கலாம்?” என்று கல்யாணமான புதிதில், நான் ஆசைப்பட்ட நகரத்தைப் பற்றிக் கணவரிடம் கேட்டேன்.

“நீ பார்த்து வை. கனவுக்கு யாரும் வாடகை கேக்க மாட்டாங்க,” என்று சிரித்தார்.

ஒன்பது வருடங்களாகப் பார்க்கிறேன். நான் வேலை செய்யும் திரைச்சீலை தைக்கும் கடையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் போனில் அந்த நகரத்து வீட்டு விளம்பரங்களைத் திறப்பேன். மூன்றாவது மாடி வீடு ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டது. அதன் ஜன்னலுக்குக் குத்துமதிப்பாக அளவு போட்டு, மிஞ்சிய துணியில் ஒரு திரைகூடத் தைத்தேன். அவசரத்தில் இடது பக்கத்துப் பூக்கள் தலைகீழாகிவிட்டன. வெட்கப்பட்டு, யாரிடமும் காட்டாமல் பீரோவில் வைத்தேன்.

போன வாரம் அந்த நகரத்துக் கடை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. “நீ முதல்ல போ, நான் மெதுவா வர்றேன்,” என்றார் கணவர். தலையாட்டினேன்.

நேற்று அந்த விளம்பரத்தில் புதுப் படங்கள் வந்திருந்தன. ஜன்னலில் என் திரை தொங்கியது. இடது பக்கத்துப் பூக்கள் தலைகீழாக இருந்தன.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். திரை மடித்தபடியே இருந்தது. பல வருட வெயில் பட்டதுபோல வெளுத்திருந்தது.

மற்றப் படங்களையும் பார்த்தேன். கட்டிலில் ஒரே தலையணை. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். வாசலில் என் செருப்பு மட்டும்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உன் வீட்டை வேற யாராவது புடிச்சிட்டாங்களா?” என்றார் கணவர், சட்டையைத் தேய்த்தபடி.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“என்னைத் தனியா அனுப்பாதீங்க. சேர்ந்தே போகலாங்க.”