கொக்கியின் வெறுங்கை

யாரோ ஒருவருடைய குடலில், சொல்லாமல் கொள்ளாமல் குடியேறிய அமீபா ஒன்று இருந்தது. அதன் உடம்புக்குள் கொக்கி என்றொரு சுமைதூக்கி. இரையை வெட்டிச் செரிக்கும் நொதிகளைப் பிறந்த இடத்திலேயே கவ்விப் பிடித்து, புளிப்புப் பை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. இதுவரை ஒன்றைக்கூட வழியில் தவறவிட்டதில்லை என்று சொல்லும்போதெல்லாம் கொக்கிக்குப் பெருமை பிடிபடாது.

அன்று அது தூக்கி வந்த நொதியின் பெயர் கத்தரி. வாயில் உறை மாட்டியிருந்தும் அதன் பேச்சு குறையவில்லை.

"வெட்டப்போறது நான். நீ வெறும் கூலி. உறையைக் கழட்டி இங்கயே இறக்கி விடு, என் வேலையைக் காட்டுறேன்."

"இங்க நீ வாயைத் திறந்தா நாம குடியிருக்கிற உடம்பே மிஞ்சாது, தம்பி."

"விடுறியா இல்லையா?"

கொக்கியின் பிடி இம்மியும் தளரவில்லை.

புளிப்புப் பை வந்தது. உள்ளே, அமீபா விழுங்கிய இரை கொழகொழவென்று கரைந்துகொண்டிருந்தது. புளிப்பு பட்டதும் கத்தரியின் உறை கழன்றது. கொக்கியின் பிடியும் தானாக நெகிழ்ந்தது. கத்தரி கீழே எட்டிப் பார்த்தது.

"அண்ணே, விட்டுடாதீங்க" என்றது சின்னக் குரலில்.

"இங்க விடத்தான்டா இவ்வளவு தூரம் பிடிச்சிட்டு வந்தேன்."

நொதிகள் பிறக்கும் இடத்துக்குக் கொக்கி திரும்பி வந்தபோது, வரிசையில் நின்ற அடுத்த நொதி சிரித்தது. "வெறுங்கையோட வர்றியே, வெட்கமா இல்ல?"

கொக்கி அந்தக் கையை அதன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டியது.

"நல்லாப் பாத்துக்க. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வருவேன். ம், ஏறு."