சொல்வதை எழுதுபவர்

"தேதி எங்கே?"

பள்ளிக்கூட ஆபீஸ் எழுத்தர் மனுவை ஜன்னல் வழியே வெளியே தள்ளினார். தள்ளிய வேகத்தில் அது தரையில் போய் விழுந்தது.

தையல்காரம்மா குனிந்து எடுத்தாள். ஒரே ஒரு தேதி. மேஜை மேலேயே பேனா கிடக்கிறது. அவரே போட்டால் கை தேய்ந்தா போய்விடும்?

"இப்பவே போட்டுத் தந்துடறேன் சார்."

"நடுவுல செருகி எழுதினதெல்லாம் வாங்க மாட்டேன். புதுசா எழுதிக்கிட்டு நாளைக்கு வாங்க."

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. பள்ளிக்கூடமே அவருக்குச் சிடுமூஞ்சி என்று பேர் வைத்திருந்தது. ரொம்ப இரக்கப்பட்டு வைத்த பேர் என்று அவளுக்குத் தோன்றியது.

விஷயம் இதுதான். அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு. கேள்வி கேட்டால் பட்டென்று பதில் வரும். பேனாவைப் பிடித்தால் மட்டும் நரம்புக் கோளாறால் விரல்கள் விறைத்துக்கொள்ளும். அரையாண்டுத் தேர்வில் பத்துக் கேள்வியில் நாலுக்குத்தான் எழுத முடிந்தது. நாலுக்கும் முழு மார்க். மொத்தத்தில் ஃபெயில்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுத ஓர் ஆளும், கூடுதலாக ஒரு மணி நேரமும் சட்டப்படியே உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தலைமையாசிரியர் தங்கமான மனுஷர். உட்காரச் சொன்னார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க பொண்ணு எனக்கும் பொண்ணுதாம்மா. நான் செய்யறதுக்குச் சட்டம் வேற வந்து சொல்லணுமா? ஆபீஸ்ல ஒரு மனு மட்டும் கொடுத்துடுங்க."

அவர் தலைக்கு மேலே, 'எவரையும் விட்டுவிடாத பள்ளி' என்று கண்ணாடி போட்ட விருது மின்னியது.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கும் தனக்கும் நடுவில் நந்தி மாதிரி இந்த ஆள்!

மறுநாள் தேதியோடு போனாள்.

"'கருணை கூர்ந்து உதவும்படி'யா? பிச்சையா கேட்கறீங்க? எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவுன்னு போடாத மனுவை நான் தொடவே மாட்டேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதே சார்."

"தெரியலைன்னா சொல்லிக் கொடுக்க இது என்ன பள்ளிக்கூடமா?" என்றார், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு. "அதோ, சுவத்துல அரசாணை ஒட்டியிருக்கு. கண்ணு இருந்தா பார்த்து எழுதுங்க."

அரசாணை ஒட்டித்தான் இருந்தது. அதன் மேல் ஒரு பெரிய காலண்டர் தொங்கியது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தையல் அளவு நோட்டில் யாருடைய இடுப்பளவுக்கோ கீழே பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த நாள், டாக்டர் சான்றிதழில் முத்திரை சரியாக விழவில்லை. அதற்கும் அடுத்த நாள், நகல் இல்லை.

"ரெண்டு பிரதி வேணும். ஒண்ணுல நான் முத்திரை போட்டு உங்க கையில தரணும். நாளைக்குக் காணாமப் போச்சுன்னு வந்து என் தலையை உருட்டவா?"

அந்த வாரம் தையல் மெஷினைவிட அவள் கால்தான் அதிகம் ஓடியது. ஐந்தாம் நாள் ஒருவழியாக முத்திரை விழுந்தது.

ஒரு மாதம் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

"ஆபீஸ்ல பார்த்துக்கிட்டிருப்பாங்கம்மா. அவசரப்பட்டா ஆகுமா?" என்றார் தலைமையாசிரியர், சிரித்த முகம் மாறாமல்.

முழு ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். மகள் விரல்களை வெந்நீரில் நனைத்து நனைத்து எழுதிப் பழகினாள்.

"விடும்மா. இந்தத் தடவை எப்படியும் அஞ்சு கேள்வி எழுதிடுவேன்."

அந்த 'அஞ்சு' தையல்காரம்மாவைத் தூக்கி வாரிப் போட்டது. நேரே ஜன்னலுக்குப் போய்க் கத்தினாள்.

சிடுமூஞ்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மனுவுக்கு முப்பது நாள் கெடு, தாண்டியாச்சுல்ல? கல்வி அதிகாரிகிட்ட போய்ச் சொல்லுங்க. இங்க நின்னு என் உயிரை வாங்காதீங்க."

"போறேன்யா! உன்னையும் சேர்த்தே சொல்றேன்!"

போனாள். கல்வி அதிகாரியம்மா தலைமையாசிரியரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"மனுவே வரலை மேடம். வந்திருந்தா செய்யாம இருப்பேனா? எனக்கும் பொண்ணு மாதிரி..."

தையல்காரம்மா நகலை நீட்டினாள். அதிகாரி படித்தார். தேதி, பிரிவு எண், டாக்டர் முத்திரை, பள்ளி முத்திரை.

"ஒரு ஓட்டை சொல்ல முடியலையே. எந்த வக்கீல் எழுதினது?"

"நான்தாம்மா. டெய்லர்."

அங்கேயே உத்தரவு கையெழுத்தானது. எழுத ஆள் உண்டு, ஒரு மணி நேரமும் உண்டு.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மனுவை வாங்கி அமுக்கி வைத்தது அந்தச் சிடுமூஞ்சிதான். பாவம், தலைமையாசிரியர் அதிகாரி முன்னால் கூனிக் குறுகி நின்றார். உட்கார்ந்து அந்த ஆள் மேல் ஒரு புகார் எழுதினாள். தேதி போட்டு, இரண்டு பிரதி.

மறுநாள் தலைமையாசிரியர் அறைக் கதவைத் தட்டப் போனபோது, உள்ளே அந்தத் தங்கம் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒருத்திக்குக் கொடுத்தா நாளைக்கு வரிசை கட்டி நிப்பாங்கய்யா! தேர்வு முடியற வரைக்கும் ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பிக்கிட்டே இருன்னுதானே உங்கிட்ட சொன்னேன்?"

"அனுப்பினேனே சார்," என்றார் சிடுமூஞ்சி. "குறை இருந்தவரைக்கும்."