நாணயமான காயலான்கடை

காயலான்கடை வாசலில் ஏதாவது ஒரு டாக்சி வேகம் குறைத்தால் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்சி நிற்காமல் போனதும் மறுபடி தளர்ந்தாள்.

எங்கள் பழைய கார் எதிரே, நசுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், டாக்டர் கூப்பிடக் காத்திருக்கும் நோயாளி மாதிரி நின்றது.

எங்கள் கார் என்று சொல்வது பேச்சுக்குத்தான். அது இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. ஒன்று என் மனைவி, இன்னொன்று அவளுடைய தங்கை. கல்யாணத்துக்கு முன்னால், இருவருக்கும் சரியாக ஓட்டத் தெரியாத காலத்தில், சம்பளத்தைச் சேர்த்துப் போட்டு வாங்கியது.

இருவரும் பேசிப் பல வருடமாகிறது. படுக்கையில் கிடந்த அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்று ஆரம்பித்த பேச்சு. அம்மா போய்ச் சேர்ந்தும் அது போகவில்லை.

வண்டியை உடைக்கக் கொடுத்துவிடலாம் என்று முடிவான நாளிலிருந்து வீட்டில் சட்டம்தான் பேச்சு. ஒருவழிப் பாதையில் தப்பான திசையில் வந்துவிட்டு, எதிரே வருகிறவனை முறைக்கிற பெண் என் மனைவி. அவள் வாயில் 'சட்டப்படி' என்ற சொல் வந்ததும், எனக்குக் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

தெருமுனைக் காயலான்கடைக்காரர், காகிதமெல்லாம் எதற்கு, சாவியைக் கொடுங்கள் போதும் என்றார். அவரைத் திருடன் என்று ஒதுக்கிவிட்டாள்.

அடுத்த கடைக்காரர் ஒரு கையெழுத்து போதும் என்றார். நாளைக்கு எவனாவது இந்த வண்டியில் போய்க் கொள்ளையடித்தால் போலீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும் என்றாள். அந்த வண்டியில் கொள்ளையடிக்கப் போகிறவன் பாவம், தள்ளிக்கொண்டுதான் தப்பிக்க வேண்டும்.

கடைசியில் ஊருக்கு வெளியே, அரசாங்க அனுமதி பெற்ற இந்த யார்டைப் பிடித்தாள். ஃபோனில் வெகுநேரம் பேசினாள். வைத்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"இங்க ரெண்டு ஓனரும் நேர்ல வந்தாகணுமாம். இதுதாங்க நாணயமான இடம்."

அதைத் தங்கையிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. யார்டின் பெயரையும் நம்பரையும் போட்டுச் செய்தி அனுப்பினேன். 'வர்றேன்' என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்ப்பதற்காகவே என் மனைவி என் ஃபோனை வாங்கி வாங்கிக் கொடுத்தாள்.

அந்தக் காரில் ஒரு கோளாறு உண்டு. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் கதவு வெளியிலிருந்து திறக்காது. ஓட்டுகிறவர் குனிந்து உள்ளிருந்து திறந்துவிட வேண்டும். சரிசெய்துவிடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

இருக்கட்டும், தங்கச்சிக்குத் தெரியும் என்பாள் என் மனைவி.

அந்தப் பக்கம் இத்தனை வருடமாக ஏறியது நான்தான். எனக்குத் திறந்துவிடும்போது அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும். நான் அதைப் பார்க்காத மாதிரி ஏறிக்கொள்வேன்.

ஒரு டாக்சி உள்ளே வந்து நின்றது. கொழுந்தியாள் இறங்கினாள். முன்தலை நரைத்திருந்தது. கையில் பெரிய பயணப்பை. என்னைப் பார்த்து மட்டும் லேசாகத் தலையாட்டினாள்.

என் மனைவி எழுந்தாள். பிறகு அக்காவும் தங்கையும் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஏதோ வாங்க வந்தவர்கள் மாதிரி.

அலுவலக அறையிலிருந்து வந்த ஆள் பயணப்பையைப் பார்த்தார்.

"எதுக்கு மேடம் இவ்ளோ தூரம் அலைஞ்சீங்க? இவங்க கேட்டப்பவே சொன்னேனே, ஒருத்தர் நேர்ல வந்தா போதும், இன்னொருத்தர் லெட்டர் கொடுத்து விட்டா போதும்னு."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. கொழுந்தியாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் பையைத் தரையில் வைத்தாள்.

"தெரியும். நான் ஃபோன் பண்ணப்பவும் அதையேதான சொன்னீங்க."

எங்கோ இரும்பு நசுங்கும் சத்தம் கேட்டது.

என் மனைவி என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய், ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். கொழுந்தியாள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவருகே போனாள். கைப்பிடியைத் தொடவில்லை. சும்மா நின்றாள்.

என் மனைவி உள்ளிருந்து குனிந்தாள்.

கதவு சாத்தி வெகுநேரம் ஆனது. கண்ணாடிக்குள் இரண்டு தலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அலுவலக ஆள் காகிதங்களோடு என் பக்கத்தில் வந்து, வண்டியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

இன்னும் கையெழுத்தே ஆகவில்லையே, எல்லாம் சட்டப்படிதான் நடக்க வேண்டும் என்றேன்.