காற்று நின்ற பிற்பகல்

தெர்மிஸ் நகர மின் கட்டுப்பாட்டு அறையில் சுல்ஹுமோர் திரையிலுள்ள இரண்டு எண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பருத்தி வயல்களைத் தாண்டி வரும் மின்கம்பியில் இப்போது ஓடும் மின்சாரம் ஒன்று; இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் அந்தக் கம்பி தாங்கக்கூடிய அளவு மற்றொன்று. காலையில் இன்னொரு கம்பி பழுதானதிலிருந்து ஊர்ப் பாரம் முழுவதும் இதன்மேல்தான். காற்று வீசிக் கம்பியைக் குளிர்வித்தவரை பயமில்லை. இப்போது தாங்கும் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. "அக்கா, இங்க இலைகூட அசையல," என்று கம்பிக்குக் கீழே நிற்கும் லைன்மேன் எர்கின் அலைபேசியில் கத்துகிறான். "சூட்டுல கம்பி தொங்கிட்டே வருது. அடியில பருத்தி டிரெய்லர் சிக்கிக்கிச்சு, லோடு மேல பொம்பளைங்க!"

"இறங்கச் சொல்லுடா!"

"எல்லாரும் குதிச்சாச்சு. ஒருத்தங்க மட்டும் பயத்துல அசைய மாட்டேங்கிறாங்க."

பக்கத்து மேசையில் அவளோடு பணியிலிருக்கும் போதிர் அண்ணன் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். "பாதி ஊருக்குக் கரண்டை நிறுத்தினா பிரசவ ஆஸ்பத்திரியும் சேர்ந்து போகும்மா. அவங்க ஜெனரேட்டர் போன தடவை கிளம்பவே இல்ல."

எண்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. பாதி ஊரின் மின்சாரத்தை நிறுத்தும் பொத்தானை சுல்ஹுமோர் அழுத்திவிடுகிறாள். ஜன்னலுக்கு வெளியே ஏசிகளின் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. "நின்னுடுச்சுக்கா, தொங்கறது நின்னுடுச்சு," என்று எர்கின் அழுகிறான். உடனே மேசைத் தொலைபேசி அடிக்கிறது: ஆஸ்பத்திரி. போதிர் கை நீட்டவில்லை. அவளே எடுத்துக் காதில் வைக்கிறாள். அந்தப் பக்கம், தூரத்தில், ஜெனரேட்டர் இருமுகிறது, நிற்கிறது, மறுபடி இருமுகிறது, பிறகு பிடித்துக்கொண்டு ஓடுகிறது.