தொண்ணூறுக்குக் கீழே

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தவரிடம், அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மார்பில் மூன்று ஒயர். விலாவில் அழுத்திய ஒரு கருவி. அதன் கீழே, ஊட்டிக் குளிரையெல்லாம் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தது போல ஒரு பசை.

படுத்துப் பத்து நிமிடம்தான். அவர் கணக்கில் ஒரு ஐந்தாண்டுத் திட்டமே முடிந்திருந்தது.

திரையில் நாடித்துடிப்பு நூற்றுப் பதினான்கு.

"ரத்தம் பத்தாம இதயத்துச் செவுரு வெறச்சுக் கெடக்குதுங்க சார். மெல்லத்தான் விரியும். நீங்க இந்த ஓட்டம் ஓடுனா அது எப்பங்க ரொம்பறது?" என்றாள் எக்கோ ஸ்கேன் எடுக்கும் பெண். "தொண்ணூறுக்குக் கீழ வாங்க. இல்லீனா இன்னைக்கு வார்டுலதான் படுக்கோணும்."

வார்டு என்றால் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

பதினெட்டு நாளாக மறைத்த நெஞ்சுவலி. மனைவி மயிலாத்தாள் காதில் விழுந்தால் நொய்யலில் வெள்ளம் வருகிற அளவுக்கு அழுவாள். ஜில்லாவில் உள்ள அத்தனை சாமிக்கும் வேண்டிக்கொண்டு, அத்தனைக்கும் அவர் தலையையே மொட்டையடிப்பாள்.

கொக்கியில் தொங்கிய சட்டைக்குள் போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது.

ஏழாவது தடவை அந்தப் பெண்ணே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் காதருகே வைத்தாள்.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க?" மயிலாத்தாள்தான்.

"மாவு மில்லுல அம்மிணி. ஒரே கூட்டம்."

நூற்று இருபத்தாறு.

"மெசினு சத்தத்தையே காணமே?"

"கரண்டு போயிருச்சு."

நூற்று முப்பத்தெட்டு.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, திரையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

இதயத்தின் அறை பாதி திறந்தது. நிரம்புவதற்குள் படக்கென்று மூடியது.

மறுபடி பாதி.

மறுபடி.

எழுந்து ஓட ஒயர் விடவில்லை.

"மயிலு," என்றார். "ஆஸ்பத்திரில இருக்கறேன். நெஞ்சுக்குப் பாக்க வந்தேன்."

போனில் அழுகை வரவில்லை.

நூற்றுப் பத்து.

தொண்ணூற்றெட்டு.

எண்பத்தாறு.

அறை முழுதாக விரிந்தது. ரத்தம் அவசரமில்லாமல் உள்ளே வந்து, இடம் பார்த்து உட்கார்ந்தது.

"அப்படியே இருங்க சார்." அவள் படத்தைப் பிடித்தாள்.

போனுக்குள் யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். அதே குரல், அதே நொடியில், கதவுக்கு வெளியிலும் கேட்டது.

"மயிலாத்தாள் யாருங்க? ஃபைல எடுத்துட்டு வாங்கம்மா, அடுத்து நீங்கதான்."