ஒரே சுமை

காரவள்ளி சந்தை வாசலில் காலை வெயில் மஞ்சளாய் விழுந்து கிடக்கிறது. மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி மலையிறங்கி வந்த அத்தாயி, தான் முடைந்த முப்பது மூங்கில் முறங்களையும் ஒரே கட்டாகத் தரையில் இறக்கிவிட்டு, பாயில் உட்கார்ந்து சந்தை வரி வாங்கும் வெங்கிடுசாமியின் முன்னால் நிற்கிறாள். “முறத்துக்குக் காலணா வீதம் எடு” என்கிறார் அவர். அப்படிக் கொடுத்தால் விற்கிற காசில் பாதி இந்த வாசலிலேயே போய்விடும். “தலைச்சுமைக்குத்தானுங்க காலணா. வரிப் பலகையில அப்படித்தான் எழுதியிருக்குதாமுங்க. இது ஒரு சுமைதானுங்க.” வெங்கிடுசாமி சிரிக்கிறார். “இத்தனையும் நீ ஒருத்தியா சொமந்து வந்தே? எங்க, யாரு கையும் படாமத் தூக்கு, பார்க்கலாம்.” வாசலோரப் புளியமரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அத்தாயி சும்மாட்டைத் தலையில் வைத்து, மண்டியிட்டு, கட்டைத் தொடைமேல் ஏற்றுகிறாள். மூங்கில் நறநறக்கிறது. கழுத்து நரம்பு புடைக்க, ஒரே மூச்சில் கட்டு தோளைத் தாண்டித் தலையில் உட்காருகிறது. ஒரு காலை ஊன்றி, மறுகாலையும் ஊன்றி, மெல்ல எழுந்து நிமிர்கிறாள். யாரோ சீழ்க்கை அடிக்கிறார்கள். வெங்கிடுசாமி ஒரே ஒரு சீட்டைக் கிழிக்கிறார். “குனிய முடியாதுங்களே” என்று அவள் காலணாவோடு கையை மட்டும் நீட்டுகிறாள். யார் வந்தாலும் பாயை விட்டு அசையாத மனுஷன், எழுந்து வந்து காசை வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுக்கிறார். “வாரனுங்க” என்று சீட்டை இடுப்பில் செருகிய அத்தாயி, சுமையைத் தொடாமல் இரண்டு கையையும் வீசிக்கொண்டு சந்தைக்குள் நடக்கிறாள்.