பழுப்பு அழுகல்

பூஞ்சை வளர்ந்திருந்த கண்ணாடித் தட்டை ஆய்வக விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.

பூஞ்சையின் விளிம்பு வழுவழுப்பாக, வட்டத்துக்குள் வட்டமாக வளர்ந்திருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. தடை செய்யப்பட்ட வகை. தோப்பு முழுவதையும் வேரோடு பிடுங்கி எரிக்கச் சொல்லிவிடுவார்கள்.

விளிம்பு இதழ் இதழாகப் பிரிந்திருந்தால் இங்கே எப்போதும் வருகிற அழுகல். பட்டுப்போன கிளைகளைக் கழித்து மருந்தடித்தால் போதும்.

மேசைக்கு அந்தப் பக்கம் பீச் பழத் தோப்புக்காரரும் அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிக் காத்துக்கிட்டு இருந்ததில்லம்மா,” என்றார் அவர். “அதுல ஃபெயில்னு முன்னாடியே தெரியும்.”

மகன் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது அப்படிப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

மீதித் தட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதழ்கள்.

“வழக்கமா வர்றதுதான்,” என்று தட்டைப் பார்த்தே சொன்னேன். “ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம்.”

தோப்புக்காரர் மகனின் பிடரியில் செல்லமாக ஒன்று போட்டார்.

“கேட்டியாடா? நான் போனப்புறமும் தோப்பு உனக்குச் சோறு போடும். வெளியூர் வேலை, அது இதுன்னு இனிமே வாயத் திறப்பியா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

அவர் வண்டியை எடுக்கப் போனார். போகிற வழியில் காவலாளியிடமும் செய்தியைச் சொல்வது கேட்டது.

மகன் எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு தடவை பாருங்க மேடம்.”

நல்ல செய்தியை நம்பச் சிலருக்கு நேரம் பிடிக்கும். நேரிலேயே காட்டிவிடலாம் என்று சோதனைக்காக அவர்கள் கிளைகளை வெட்டிக் கொண்டுவந்திருந்த பையைத் திறந்தேன். பழத்தைக் கீறிப் பூஞ்சையை எடுத்துத் தட்டில் வளர்ப்பது பக்கத்து அறை அக்காவின் வேலை. என்னிடம் தட்டுகள் மட்டுமே வரும். கிளைகளை அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு பழம் மட்டும் காம்பில் இல்லை. கிளையோடு நூலால் கட்டப்பட்டிருந்தது.

சுருங்கிய தோலில் பாதி கிழிந்த கடை ஸ்டிக்கர். இறக்குமதியாகிற பழங்களில் ஒட்டுவது. தடை செய்யப்பட்ட பூஞ்சை அப்படித்தான் உள்ளே வரும் என்று தோப்பு தோப்பாகப் போய்ச் சொல்கிறவர்கள் நாங்கள்தான்.

நான் ஸ்டிக்கரைப் பார்ப்பதை அவன் பார்த்தான். எதையும் மறைக்க முயலவில்லை.

வெளியே ஹாரன் அடித்தது.

பழத்தின் ஒரு பக்கத்தில் அக்காவின் கத்தி கீறிய தடம் இருந்தது. அவன் அதை விரலால் தொட்டான்.

“இதுலயும் வழக்கமா வர்றதுதானா?”